நுனி இழந்த சுரைக்கொடி

ஆலயச் சுவரில் படர்ந்த சுரைக்கொடிக்கு ஒரே ஆசை: விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்குள் கூரை உச்சியிலிருக்கும் சிலுவையைத் தொட்டுவிட வேண்டும்.

“ஏறுவதெல்லாம் சரிதான் அக்கா, காய் எங்கே?” என்று அணில் சீண்டியது.

“பரலோகத்தை நோக்கிப் போகிறவளிடம் காயைக் கேட்கிறாயே!” என்றது கொடி.

சிலுவைக்கு ஒரு சாண் இருக்கையில், தோட்டக்காரர் மாசிலாமணி ஏணி வைத்து ஏறி, அதன் நுனியைக் கிள்ளிவிட்டார்.

“ஆண்டவரே, இத்தனை அருகில் வந்த பிறகா?” என்று கொடி அழுதது.

நுனி போன பிறகு கணுக்கள்தோறும் பக்கக் கிளைகள் புறப்பட்டன, பூத்தன, பிஞ்சு பிடித்தன. காய்களின் பாரத்தில் கொடி கைக்கெட்டும் உயரத்துக்குச் சரிந்தது.

பண்டிகையன்று காய்கள் அனைத்தையும் பறித்துக்கொண்டு போனார்கள். ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்த அணில், சீண்டலை மறந்து மெல்லச் சொன்னது:

“அக்கா, உன் காய்களைப் பீடத்தில், சிலுவையின் பாதத்தில் வைத்திருக்கிறார்கள்.”