மாதேஷின் முகம்

“போட்டோ இல்லாம எப்படிம்மா வரையறது?” என்று கேட்டார் ஜமீர் பாய். ஓசூரில் கடைகளுக்குப் போர்டு எழுதுபவர். ஆள் படமும் வரைவார்.

“போலீசு பயத்துல எம்பையன் போட்டோவே எடுத்துக்கலைங்க பாய். அடுத்த வாரம் ரெண்டாம் வருசத் திதி வருது. கும்பிட ஒரு முகம் வேணுமுங்க” என்றாள், அஞ்செட்டியிலிருந்து வந்திருந்த நாகம்மாள்.

மகன் பெயரையும் சொன்னாள். ஓட்டைப் பிரித்து இறங்கித் திருடுவதில் பேர்போன மாதேஷ். சந்தையில் ஜனங்கள் அவனை அடித்தே கொன்றிருந்தார்கள்.

அவள் மூக்கையும் நெற்றியையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “போதும்மா, நாலு நாள் கழிச்சு வாங்க” என்று பாய் எழுந்துவிட்டார்.

நாலாம் நாள் படத்தைப் பார்த்ததும் நாகம்மாள் உடைந்து அழுதாள்.

“அவனேதானுங்க! புருவத்துத் தழும்பை நான் சொல்லவே மறந்துட்டேன், அதைக்கூடப் போட்டிருக்கீங்க. அவனைப் பாத்திருக்கீங்களா?”

“இல்லம்மா.”

“ஒண்ணே ஒண்ணுங்க. வீட்டுக்கு வந்தா என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டேதான் வருவான். கொஞ்சம் சிரிக்க வெச்சிடுங்க.”

பாய் பிரஷ்ஷை எடுத்தார். கை ஓடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் போலீஸ் அவரைக் கூப்பிட்டிருந்தது. பொருளைப் பறிகொடுத்தவர்கள் அடையாளம் சொல்லச் சொல்ல, மாதேஷின் முகத்தை வரைந்து தந்தவர் அவர்தான். சுவரெல்லாம் ஒட்டிய அந்தப் படத்தை வைத்துத்தான் சந்தையில் ஜனங்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். பறிகொடுத்தவர்கள் மூக்கைச் சொன்னார்கள், தழும்பைச் சொன்னார்கள். அவன் சிரித்து அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

“எப்படிச் சிரிப்பான், சொல்லுங்கம்மா” என்றவர், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.