விக்கிரவாண்டிக்குக் கேட்கும் கதவு

“நான் இங்க ஷெட்டுக் கதவைத் தொறந்தா, விக்கிரவாண்டியில பஸ்ஸுக்கு நிக்கிறவன் மூட்டையத் தூக்கித் தலையில வெச்சுக்குவான், சம்மந்தி!”

வெங்கடாசலம் சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டார். விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே எட்டு மைல் கிடக்கிறது.

திண்டிவனத்திலிருந்து வந்திருந்த தேவநாதன், வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்துவிடாமல் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். மல்லாட்டைக் கடலை மண்டிக்காரர். தன் மகனுக்கு வெங்கடாசலத்தின் மகள் ஜெயத்தைக் கேட்டு வந்ததற்குப் பாதிக் காரணம் ஜெயம், மீதிப் பாதி அந்தக் கார் ஷெட்டு. மாப்பிள்ளை அழைப்புக்குச் சம்பந்தி வீட்டுச் சொந்தக் கார் வரும் என்று திண்டிவனத்தில் நாய், பூனை விடாமல் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்.

கதவின் கீர்த்தி லேசுப்பட்டதல்ல. அது திறந்தால் ஜங்ஷனில் நிற்கிற எஞ்சின் வெட்கப்பட்டு ஊதுவதை நிறுத்திக்கொள்ளும். கோலியனூர் எருமை மடியை இறுக்கிக்கொள்ளும். மூன்று தெருக் காக்கைகள் ஒரு காலையில் ஒன்றாகக் கிளம்பிப் போனவை, இன்றுவரை திரும்பவில்லை. எல்லாம் வெங்கடாசலம் சொன்னதுதான்.

ஊர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டது. முகத்துக்கு நேராக மறுத்தவன் கொல்லுப் பட்டறை பச்சைமுத்து ஆசாரி ஒருவன்தான். “வாராவாரம் ஏர்க் கொழு மூட்டையோட விக்கிரவாண்டி சந்தைக்குப் போறேன். எனக்கு மட்டும் கேக்கலியே! இவரு வாய்ச் சத்தம்தான்யா அவ்ளோ தூரம் போவும்.”

தினமும் காலையில் வெங்கடாசலம் ஒரு ஈரத்துணியோடு போவார். இரட்டைக் கதவில் ஒரு பலகையை மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இழுப்பார். கதவு ஓலமிடும். உள்ளே போய்ச் சாத்திக்கொள்வார். அரை மணி கழித்துத் துணியைப் பிழிந்துகொண்டே வெளியே வருவார்.

காரை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால், “யுத்தம்யா, பெட்ரோலுக்கு எங்க போறது?” என்பார். யாரும் மறுபேச்சுப் பேச முடியாது.

தேவநாதன் இப்போது ஜிப்பாப் பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது பெட்ரோல் கூப்பன் கத்தை.

“உங்களுக்கு அந்தப் பேஜாரே வேணாம் சம்மந்தி. ஆறு மாசமா சேத்துக்கினு வர்றேன்.”

வெங்கடாசலத்தின் சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று. மூடவும் மறந்துவிட்டது.

“ஆனா கல்யாண நாளும் அதுவுமா கதவு இப்படி அழுதா நல்லாவா இருக்கும்? வர்ற வழியில ஆசாரிய வரச் சொல்லிட்டேன். அதோ வர்றாரு பாருங்க.”

தோளில் சுத்தியலோடு பச்சைமுத்து வாசலுக்குள் வந்தான்.

“இன்னிக்கி வேணாம்யா ஆசாரி. நாள் நல்லால்ல.”

“வுழுற கதவு நாள் பாக்காதுங்களே” என்று சொல்லி அவன் நேராக ஷெட்டுக்குப் போனான்.

பலகையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். “மேல் கீலு கழண்டு ஒரு விரக்கடை வெளிய வந்திருக்கு. பாரம் பூரா கீழ எறங்கிடுச்சு. அதான் தரையில உரசிக்கினு அலறுது.”

பிறகு குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தான். பலகையின் முனை மண்ணில் பிறைபோல ஒரு கோடு கிழித்திருந்தது. தினமும் கிழித்துக் கிழித்து ஆழமான கோடு. அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தினான்.

கோட்டின் மேல் கோழிக் கால் தடம் இருந்தது. வெங்கடாசலத்தின் கால் தடம் இருந்தது. கோட்டைத் தாண்டி உள்ளே போகிற டயர்த் தடம் மட்டும் இல்லை.

ஈரத்துணி, யுத்தம், பெட்ரோல் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த வெங்கடாசலத்துக்கு இது ஒன்று தோன்றவே இல்லை.

பச்சைமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணைக் கதவு இடுக்கில் வைத்தான்.

வைத்த கண்ணை எடுக்கவில்லை.

வைத்தியச் செலவுக்காக விற்ற காரை, ஊரே மயிலம் தேருக்குப் போயிருந்த ஒரு நாள் வாங்கியவர்கள் இரண்டு மாடுகளைப் பூட்டி இழுத்துப் போனார்கள். அப்போது புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவர் மனைவி கெங்கம்மாள் கிடந்தாள். ஜெயம் அவள் பக்கத்தில் இருந்தாள். ஜெயத்துக்குக்கூட இது தெரியாது. கார் போனது. பத்தாம் நாள் கெங்கம்மாளும் போனாள்.

உள்ளே இருப்பது எண்ணெய்க் கறை படிந்த தரை. நடுவில் ஒரு முக்காலி. அரை மணி நேரம் அவர் அதில்தான் உட்கார்ந்திருப்பார். ஈரத்துணி முகம் துடைக்க.

“என்ன ஆசாரி, தொறந்துடலாமா? வண்டியத்தான் கொஞ்சம் பாப்பமே!” தேவநாதன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

வெங்கடாசலம் எழவில்லை. வீட்டுக்குள்ளே ஜெயத்தின் வளையல் சத்தம் கேட்டது.

பச்சைமுத்து முழங்கால் மண்ணை மெதுவாகத் தட்டினான்.

“வேணாங்க. இப்ப தொறந்தா பலக அப்படியே காரு மேல வுழும். கண்ணாடி தூளாயிடும். கல்யாணத்துக்கு மொத நாள் நானே வந்து மாட்டித் தர்றேன். அதுவரிக்கும் யாரும் தொடாதீங்க.”

தேவநாதன் திரும்பவும் உட்கார்ந்து, கூப்பன்களைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார்.

பதினோரு நாளில் பத்தை ஆசாரி கொடுத்துவிட்டான். அதற்கு மேல் யாராலும் தர முடியாது.

“அது கெடக்கட்டும் ஆசாரி. சம்மந்தி வுடுறாரே விக்கிரவாண்டி கத, நீதான் நம்பாத ஆளாமே?”

பச்சைமுத்து சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டான். வெங்கடாசலம் இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

“நம்பாமத்தாங்க இருந்தேன். போன சந்தையன்னிக்கி விக்கிரவாண்டியில நின்னுக்கினு இருந்தேன். கேட்டுச்சுங்க. கொழு மூட்டையத் தூக்கி நானே தலையில வெச்சுட்டேன்.”