முப்பத்துநாலாவது வீடு

குண்டப்பன் வந்துவிட்டான்.

மூன்றாம் வகுப்பின் துணி யானை அவன். ஒரு கண் பொத்தான், இன்னொரு கண் வெறும் நூல். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போவான், திங்கள்கிழமை வகுப்புக்குத் திரும்புவான். கூடவே ஒரு தடி நோட்டும் போகும். யானை அந்த வீட்டில் என்னென்ன செய்தது என்று பிள்ளை எழுதிப் படம் வரைய வேண்டும். டீச்சர் திங்கள் காலையில் அதை உரக்க வாசிப்பார்.

வருகைப் பதிவேட்டு வரிசைப்படிதான் பயணம். இந்த வீட்டு மகளின் எண் முப்பத்துநாலு, கடைசி. வருஷம் முழுக்க, குண்டப்பன் நம்ம வீட்டுக்கு எப்போ வருவான் என்று கேட்டுக் கேட்டு அம்மாவின் உயிரை வாங்கினாள்.

வந்தவனை அம்மாவிடம் காட்ட வேண்டுமே! இல்லை. நேரே அறைக்குள் தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்துத்தான் நோட்டு அம்மாவின் மடிக்கு வந்தது.

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள். லீவு கேட்டால் முதலாளி முகம் ஏழு முழத்துக்கு நீளும். அதனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போன எந்த இடத்துக்கும் அவள் துணைக்குப் போனதில்லை. விட்டுப்போன வருஷத்தை ஒரே மூச்சில் பார்த்துவிடும் ஆசையில் முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள்.

வீடுகளுக்கு நடுவே டீச்சர் வகுப்பின் கதையையும் ஒட்டியிருந்தார். முளைவிட்ட அவரை விதையின் முதல் இலை. பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே எழுதித் தபால் நிலையத்தில் போட்ட கடிதம். ரொட்டித் தொழிற்சாலையில் எல்லாரும் காகிதத் தொப்பியோடு நிற்கும் போட்டோ.

தீயணைப்பு நிலையப் போட்டோவில் துணைக்குப் போன இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவன் அவள் புருஷன். வரமாட்டேன் என்றவனைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தவள் அவளேதான்.

பக்கத்தில் நின்றவள் ஓட்டைப்பல்லின் அம்மா. ஓட்டைப்பல் மகளின் உயிர்த்தோழி, அப்பா இல்லாத பிள்ளை. அந்த அம்மாவின் முகத்துக்கு நீல பிரேம்தான் எடுக்கும் என்று தேடித் தேடிப் பொருத்திக் கொடுத்ததும் இவள்தான். நல்லா பொருத்தினாள், போ.

பத்தொன்பதாவது வீடு ஓட்டைப்பல்லுடையது.

குண்டப்பன் எங்கள் வீட்டில் ஜாலியாக இருந்தான், சனிக்கிழமை மாமா வந்தார், எல்லாச் சனிக்கிழமையும் வருவார் என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. மாமா ஆரஞ்சுத் தோலை அறுந்துபோகாமல் உரித்துக் குண்டப்பனுக்குக் கண்ணாடி செய்து போட்டாராம். அம்மாவுக்கும் ஒன்று செய்து போட்டாராம்.

கீழே அந்தத் தோல், டேப் போட்டு ஒட்டப்பட்டு, இரண்டு வளையமாகக் காய்ந்து கிடந்தது.

அந்தக் கண்ணாடியை அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் கடைக்கு வந்து, கண் பரிசோதனையும் கேட்காமல் பிரேமும் கேட்காமல், ஆரஞ்சுத் தோல் கண்ணாடி ஒன்றைக் கவுண்டரில் வைத்தான். உங்கள் கடைக்குப் புது மாடல் என்றான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். அந்த வித்தையைப் பெற்ற மகளுக்குக்கூட அவன் வீட்டில் செய்து காட்டியதில்லை. அது உனக்கு மட்டும் என்று சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை அவன் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும் நாள். பிள்ளையைக் குளத்தில் இறக்கிவிட்டு அந்த இரண்டு மணி நேரம் எங்கே இருக்கிறான் என்று இவள் ஒருநாளும் கேட்டதில்லை. படுபாவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், முப்பத்துநாலாவது வீடு என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டான்.

அழுகை வரவில்லை. போகட்டும், மகள் இருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டைவிட்டு இறங்கிவிடலாம். அந்த ஒரு பிடி போதும் அவளுக்கு.

நோட்டை மூடப்போனபோது மடிப்பில் ரப்பர் துகள் கிடந்தது. ஊதினாள், பறந்தது. பழைய துகளாக இருந்தால் இந்நேரம் தாளோடு ஒட்டிப்போயிருக்கும்.

மறுபடி படத்தைப் பார்த்தாள். நீலக் கண்ணாடி அம்மா, ஓட்டைப்பல், யானை, மாமா. மாமாவின் ஒரு கை ஓரமாக நீண்டு, எதையும் பிடிக்காமல் நின்றது. அந்த இடத்தில் மட்டும் தாள் தேய்ந்திருந்தது.

லென்ஸை விளக்குக்கு நேரே சாய்த்துக் கீறல் பார்ப்பது அவள் தொழில். நோட்டையும் அப்படியே சாய்த்தாள். பென்சில் போயிருந்தது, அழுத்திய தடம் போகவில்லை.

இரட்டைச் சடை. தோளில் மீன் படம் போட்ட நீச்சல் பை.

அந்த ஆரஞ்சு வித்தை யாருக்குச் சொந்தம் என்று மகளுக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்ட அந்தக் கால் மணி நேரத்தில், படத்திலிருந்து தன்னை அழித்தால் போதும் என்று நினைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம்தோறும் அந்தப் பையிலிருந்து, எந்தக் குழாயில் நனைத்ததோ, ஈரத் துண்டை எடுத்துப் பிழிந்து உலர்த்தியவள் இந்த அம்மா. இன்று தவளை நீச்சல், இன்று மல்லாந்த நீச்சல், இன்று தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தேன் என்று மகள் அடுக்குவதை, வாய்க்குள் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார்கள்.

கதவருகே மகள் வந்து நின்றாள். இடுப்பில் குண்டப்பன்.

"அம்மா, நாளைக்கு நீச்சலுக்கு இவனையும் கூட்டிட்டுப் போறேன். நனையாம பாத்துக்கறேன், சரியா?"

அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்துத்தான் கேட்டாள்.