ஓனர் அனுமதி

"கொஞ்சம் கதவைத் திறந்துவிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்." பூட்டு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அவள் கூப்பிடுவது இது நான்காவது முறை.

"கைரேகை வச்சுப் பார்த்தீங்களா, மேடம்?"

"என் விரலை ஏத்துக்கவே மாட்டேங்குது."

"பூட்டு உங்க வீட்டுக்காரர் நம்பர்ல இருக்கே."

"வாங்கினது நான்தாம்மா. பில்லு என் பேர்ல இருக்கு!"

கடையில் பதிவு செய்தபோது, அவர் நம்பரையே போடுங்கள் என்றதும் அவள்தான். அந்த வாயை இப்போது என்ன செய்வது?

"பதிவானவர்தான் எங்களுக்கு ஓனர், மேடம். அவர் சம்மதிச்சாதான் திறக்க முடியும்."

"அவர் வர்றதுக்குள்ள திறக்கணும். உன் காலில விழறேன்."

அந்தப் பெண்ணின் குரல் இளகியது. "அழாதீங்கக்கா. எவ்வளவு நேரந்தான் வெளியில நிப்பீங்க? பக்கத்து வீட்டுல போய் உட்காருங்களேன்."

"நான் வெளியில இல்லம்மா." அவள் கதவின் உட்புறத்தில் நெற்றியைச் சாய்த்தாள். "மூணு நாளா உள்ளதான் இருக்கேன். பூட்டி வச்சிருக்கிறதே அவர்தான்."

மறுமுனையில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா... நீங்க ஒவ்வொரு தடவை எங்களைக் கூப்பிடும்போதும் ஓனருக்குத் தானா மெசேஜ் போயிடும்."

அவள் நெற்றிக்குப் பக்கத்திலேயே பூட்டு 'பீப்' என்றது. கதவு வெளியிலிருந்து திறந்தது.