கோட்டு மேல ஒரு கருப்பு

"பாறையா, படகா? சீக்கிரம் சொல்லுப்பா ஜெரோம்!"னு கத்துறாரு சீஃப் சார். கடலுக்கடியில அடுத்த நாட்டுக்குக் கேஸ் குழாய் போற வழி இன்னைக்கே முடிவாகணும். ரெண்டு நாட்டு ஆபீசருங்களும் திரையத்தான் பாக்குறாங்க. கடல் தரைய ஒலி அலை அனுப்பி எடுத்த படத்துல, குழாய்க்குப் போட்ட கோட்டு மேலயே ஒரு கருப்பு. பாறைன்னா சுத்திப் போயிடலாம். படகுன்னா ஆள் இறக்கித் தேடணும். படத்தப் பாத்துச் சொல்ற வேலையில இருக்குற ஜெரோமுக்குத் தெரிஞ்சுபோச்சு. மீன் பிடிக்கப் போன அவன் அண்ணனோட படகு முகப்புல வெல்டிங் வெச்ச இரும்புச் சிலுவை அப்படியே நிழலா விழுந்திருக்கு. காணாமப்போன அண்ணன் அந்த நாட்டு ஜெயில்ல இருக்கான்னு நம்பித்தான் அண்ணி இன்னும் பூ வைக்கிறாங்க. "என்னடா, வாயில கொழுக்கட்டையா?"ன்னாரு சார். திரையில அந்தச் சிலுவை நிழல் மேல வெச்ச விரல அவன் எடுக்கவே இல்ல. நீங்களா இருந்தா என்ன சொல்வீங்க, சொல்லுங்களேன்?