டவுட்டான பீஸ்

"ஒரே ஒரு ஊசி போட்ட டீச்சர் கிளாஸ்ல என் பொண்ணை உட்கார வைக்க மாட்டேன். அவ்ளோதாங்க!"

சொல்லிவிட்டு ஆரோக்கியநாதன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். மறுத்துப் பேச யாருக்காவது தைரியம் இருந்தால் வரட்டும் என்ற பார்வை.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்தத் தனியார் பள்ளி, கொரோனாவால் மூடிக் கிடந்து, சின்னப் பிள்ளைகளுக்காகத் திங்கட்கிழமை திறக்கப் போகிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளை வந்து பாருங்கள் என்று தாளாளர் நிர்மலா பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார். ஏன் கூப்பிட்டோம் என்று இப்போது அவருக்கே தோன்றியிருக்கும்.

ஏனென்றால் ஆரோக்கியநாதன் வந்ததிலிருந்து சும்மா இல்லை. அவர் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே சந்தேகமான பாகம் எதைக் கண்டாலும் சிவப்பு அட்டை ஒட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்த அட்டைகளை ஒரு கட்டாக இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் மனிதர். கை கழுவும் குழாய் ஒழுகுகிறதா, ஒட்டு. ஜன்னல் திறக்கவில்லையா, ஒட்டு. பெஞ்சுகள் நெருக்கமாகக் கிடக்கின்றனவா, ஒட்டு. வாட்ச்மேன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றிருந்தால் அவர் முதுகிலும் ஒன்று விழுந்திருக்கும்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், அவர் சொன்னதெல்லாம் சரிதான். குழாய் ஒழுகத்தான் செய்தது. நிர்மலாவும் "சரி பண்ணிடறோம் சார்" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

ஆசிரியர்கள் ஊசி போட்டாயிற்றா என்று கேட்ட இடத்தில்தான் வண்டி நின்றது. எல்லாருக்கும் இரண்டு ஊசியும் முடிந்திருந்தது. ஒன்றாம் வகுப்பு ரூபா டீச்சருக்கு மட்டும் ஒன்றுதான்.

"ரெண்டாவதுக்கு இன்னும் தேதி வரலைங்க," என்றாள் ரூபா.

"மத்தவங்களுக்கெல்லாம் வந்துச்சே?"

"நான் மொத ஊசியே லேட்டாத்தாங்க போட்டேன்."

"பாத்தீங்களா மேடம்? அலட்சியம்! எங்க கம்பெனியில டவுட்டான பீஸை லைன்லயே விட மாட்டோம். இது பசங்க விஷயங்க!"

பின்வரிசையில் இருந்த இன்னொரு பிள்ளையின் அம்மா முனிலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "டீச்சரும் ஒரு பீஸாங்க சார்? போன்லயே பாட்டு, கதைன்னு சொல்லிக் குடுத்து, பசங்க அவங்க மேல உசுரையே வெச்சிருக்குதுங்க. உங்க லிபியாவுந்தான்."

அது வாஸ்தவம். லிபியா ஒரு வாரமாகப் புத்தகப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். ரூபா மிஸ்ஸை நேரில் பார்க்கப் போகிறாளாம். போனில் முகம் மட்டும்தானே தெரிகிறது, மிஸ்ஸுக்குக் கால் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம்.

"பாசம் வேற, சேஃப்டி வேற," என்றார் ஆரோக்கியநாதன்.

நாலைந்து அப்பாக்கள் ஆமாம் போட்டார்கள். நிர்மலா தவிப்போடு ரூபாவைப் பார்த்தார். இந்த நேரத்தில் வேறு டீச்சரை எடுத்தால், அப்புறம் ரூபா திரும்பி வர இடம் இருக்காது. வேலை போனது போனதுதான். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

ரூபாதான் பேசினாள். "பரவாயில்லைங்க மேடம். பெத்தவங்க பயம் நியாயந்தானே? வேற டீச்சரைப் போட்டுக்கோங்க."

கூட்டம் கலைந்தது. ஆரோக்கியநாதன் பைக்கை எடுக்கும்போது ரூபா பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஜெயித்தவருக்கு வரும் பெருந்தன்மை அவருக்கும் வந்தது.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். படிச்சவங்க நீங்களே மொத ஊசியைத் தள்ளிப் போடலாமா? ஊசின்னா பயமா?"

"தள்ளிப் போடலைங்க சார். வெயில் காலத்துல ஊசி கிடைக்காம ஜனங்க அடிச்சிக்கிட்டாங்களே, அப்பவே விடியக்காலம் போயி ஆஸ்பத்திரி லைன்ல நின்னேன். அன்னிக்குக் கடைசி டோக்கன் எனக்குத்தான் கிடைச்சுது."

"அப்புறமென்ன? போட்டிருக்கலாமே?"

"எனக்குப் பின்னாடி ஒருத்தர் கம்பெனி சட்டையோட நின்னாரு. டோக்கன் தீந்துபோச்சுன்னதும் அழாத குறைதான். ஊசி போடாம போனா கம்பெனி கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க, வேலை போயிரும், குட்டிப் பொண்ணு இருக்கான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் வீட்டுல உக்காந்து போன்ல கிளாஸ் எடுக்கறவதானே, நாளைக்குப் போட்டுக்கலாம்னு டோக்கனை அவருகிட்டக் குடுத்துட்டேன்."

பைக்கை உதைக்கப் போன ஆரோக்கியநாதனின் கால் அப்படியே நின்றது.

ரூபா சிரித்தாள். "நாளைக்குன்னது நடக்கலைங்க. அந்த வாரமே எனக்குக் கொரோனா வந்திருச்சு. வந்தவங்க மூணு மாசம் ஊசி போடக் கூடாதுன்னுட்டாங்க. அதுக்கோசரந்தான் இந்த லேட்டு."

"அவரு... யாருன்னு தெரியுமா டீச்சர்?" என்றார் ஆரோக்கியநாதன்.

"ரெண்டு பேருமே மாஸ்க் போட்டிருந்தோம், மூஞ்சி எங்கங்க தெரிஞ்சுது? இன்னிக்கு மீட்டிங்ல பேசின குரலைக் கேட்டுத்தான் கண்டுபுடிச்சேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. நிஜமான அக்கறையோடுதான் கேட்டாள்:

"அன்னிக்கு உங்களைக் கேட்டுக்குள்ள விட்டுட்டாங்கதானே சார்?"