பார்வைக்கு ஒரு நாள்

“குடியிருக்கிறவங்க கண்ணுல பட்டா போனஸ் வெட்டுங்கிற விதியை இன்னைக்கே எடுங்க சார்” என்றாள் அன்பரசி. போனஸைப் பற்றி வாயே திறக்காதே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

அந்த அறுபது மாடிக் குடியிருப்பில் வீடுகளை வாடகைக்கு விடுவது பட்டதாரி மகளின் வேலை. கூட்டிப் பெருக்குவது அம்மாவின் வேலை. சீருடையில் இருக்கும் ஊழியரைக் குடியிருப்பவர் யாராவது நிமிர்ந்து பார்த்தால் கேமரா எண்ணிவிடும். ஒரு பார்வைக்கு ஒரு நாள் போனஸ் போய்விடும். நேற்று ஆள் வரும் சத்தம் கேட்டுக் குழாய்ச் சந்துக்குள் ஒளிந்த அம்மா, மூச்சுமுட்டி விழுந்து மூன்று மணி நேரம் அங்கேயே கிடந்தாள்.

மேலாளர் தேவராஜன் சிரித்தார். “நேத்து உங்கம்மா மேல ஒரு பார்வைகூட விழலையே! முழு போனஸ் போட்டாச்சு. இன்னும் என்னம்மா வேணும்?”

அன்பரசி அவர் மேசையருகே வந்தாள்.

“எங்க எல்லாரோட வெட்டும் உங்க போனஸ்லயும் விழும்தானே சார்?”

“விழும். அதுக்கென்ன இப்போ?”

“கீழே ஆண்டு விழாவுக்குக் குடியிருக்கிறவங்க ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்காங்க. நம்ம ஆளுங்க நாற்பது பேரும் சீருடையோட மேடை ஏறப்போறோம். எங்களுக்குப் போறது போகட்டும். உங்களுக்கு எத்தனை வருஷத்துக்குப் போகுதுன்னு எண்ணிக்கிட்டே இருங்க.”

அவர் பதறி எழுவதற்குள் அவள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.